பதினேழாம் குழாய்

கடலூர் முதுநகரில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஆறரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன்.
வெறும் வயிற்றோடு வருகிறவர்கள்
பொறுமையில்லாதவர்கள்.

பதினாறு பேரின் ரத்தம் ரேக்கில் நின்றது.
பதினேழாவதை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்தாள்
கால்நடை டாக்டர் யாழரசி,
முழங்கால்வரை தாழங்குடா மணல்.

"ஓங்கல். விடியக்காலை கரையேறிடுச்சு.
வாலுல எடுத்தேன்.
அப்புறம் எட்டுப் பேரு தார்ப்பாய்ல போட்டு
தள்ளிவிட்டோம். மனுஷங்க கிட்லயே
போட்டுப் பாரேன்."

கம்ப்யூட்டர் சும்மா விடாது.
பெயர்: ஓங்கல்.
பால்: பெண்.
வயது தெரியாதென்றால் ஏற்கவில்லை,
முப்பது என்று அடித்தேன்.
சாப்பிட்டு எத்தனை மணி நேரம்?
யாழரசி ஜன்னலைப் பார்த்தாள்.
கைபேசி எண் இல்லாமல்
அடுத்த பக்கம் திறக்காது.
முதலில் பார்த்தவரின் எண்ணைச் சொன்னாள்:
ஃபைபர் படகு அஞ்சாப்புலி.

சென்ட்ரிஃபியூஜ் சுற்றி ஓய்ந்தது.
மேலே தெளிந்த சீரம், வைக்கோல் நிறம்.
ஸ்டிக்கரை உரித்துவிட்டால்
எது கடலிலிருந்து வந்தது என்று
இத்தனை வருஷம் குழாய் பிடித்த
என்னாலும் சொல்ல முடியாது.

சர்க்கரை நூற்று முப்பத்தொன்று.
இன்சுலின் ஏகத்துக்கு.
அடிபோனெக்டின் மட்டும் தரையில் கிடந்தது.
எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்,
அதற்கும் பக்கத்தில்
'இயல்பு அளவு: பெரியவர்களுக்கு.'
எந்தப் பெரியவர்களுக்கு
என்று அச்சாவதில்லை.

"ராத்திரி மீன் கிடைக்காத நேரத்துல
சர்க்கரைய ரத்தத்துலயே பிடிச்சு வச்சுக்கும்.
அவ்ளோ பெரிய மூளைக்குத் தீனி வேணுமே.
காலைல நாலு மத்தி உள்ள போனா
கதவத் திறந்துடும்.
நமக்கு வர்றதுதான்.
அதுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கு,
அவ்ளோதான்."

டீயை ஊதியபடி மறுபடி சொன்னாள்:
"சிலதுக்கு அதுவும் துருப்பிடிச்சுப் போவும்.
ஈரல்ல கொழுப்பு சேரும், ரத்தத்துல இரும்பு சேரும்."

என் மேசை இழுப்பறையில்
மூன்றாய் மடித்த தாள் ஒன்று இருக்கிறது.
போன மாதம், எல்லாரும் போனபின்
நானே எடுத்து நானே ஓட்டியது.
ஏழு புள்ளி இரண்டு.
வீட்டில் யாருக்கும் தெரியாது.
நான் ரேக்கைத் துடைத்தேன்.

பதினோரு மணிக்குப் படியேறி வந்தார் அஞ்சாப்புலி.
லுங்கியில் ஈரம் காயவில்லை.
கைபேசியைக் கண்ணாடிக்கு வெளியே
தூக்கிக் காட்டினார்:
'அன்புள்ள ஓங்கல்,
உங்கள் முடிவுகள் இயல்பைத் தாண்டியுள்ளன.
உடனே மருத்துவரை அணுகவும்.'

"எம்மா, என் பேரு ஓங்கல் இல்ல.
நம்பரு என்னுது.
ஒரு வருஷமா கால் கட்டவெரலு ஆறல.
அது உங்களுக்கு யாரு சொன்னா?"

சிரிக்க ஆரம்பித்த யாழரசி
நிறுத்திக்கொண்டாள்.

"டீ குடிச்சீங்களா?" என்றேன்.
"எங்க? பொழுதுக்கும் அதத்தான
தள்ளிக்கிட்டுக் கெடந்தோம்."
ரப்பரைக் கட்டினேன்.
உப்பு பூத்த முழங்கை.
நரம்பு உடனே கிடைத்தது.

ஊசி உள்ளேயிருக்கக் கேட்டார்,
"அதுக்கு எவ்ளோ?"
சொன்னேன்.
"அதுக்கு மாத்தர யாரு குடுப்பா?"
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

இரண்டு தாளையும் அருகருகே வைத்து
நெடுநேரம் பார்த்தார்.
தமிழ் படிப்பார், இது இங்கிலீஷ்.
நட்சத்திரங்களை மட்டும் எண்ணினார் போல.
"இந்நேரம் அதுக்கு எறங்கியிருக்குமா?"
"மத்தி கெடச்சிருந்தா."
"கெடைக்கும்," என்றார்,
"பெண்ணையாத்து மொகத்துல இப்ப மத்திதான்."
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
கட்டைவிரலைத் தூக்கித் தூக்கிப் படியிறங்கினார்.
யாழரசி கூடவே போனாள்,
ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க.

புதுக் குழாய் ஒன்றை உருவினேன்.
இடக்கையைப் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டு
வலக்கையால் எண் அடித்தேன்: பத்தொன்பது.
கம்ப்யூட்டர் பெயர் கேட்டது.
கர்சர் அங்கேயே நின்று
இமைத்துக்கொண்டிருந்தது.